கடல் கொண்டுபோகும் மணல் வீணாவதில்லை

வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில், அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய உயர் ஓதமும் பலத்த காற்றும் ஒரே நாளில் சேர்ந்துகொண்டால், சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காக் கடற்கரையின் சில இடங்களில் மணல் முழங்கால் உயரத்துக்குச் செங்குத்தாக அறுந்து நிற்பதையும், தென்னையின் சல்லிவேர்கள் அதிலிருந்து வெளியே தொங்குவதையும் மறுநாள் காணலாம். அப்படி அரிக்கப்பட்ட கரையில் புதிய மணல் கொட்டப்படும்போது, அடுத்த பருவத்தில் கடல் இதையும் இழுத்துக்கொண்டு போய்விடுமே என்று நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் கேட்பது இயல்பு. கடற்கரை நிலத்தைக் காக்கும் விதத்தை அறிந்தால் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

அலை கரையை நெருங்கும்போது, அதன் உயரம் அங்குள்ள நீரின் ஆழத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கை எட்டியதும் உடைந்துவிடும். அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், உயரம் பாதியானால் ஆற்றல் கால் பங்காகக் குறையும். அலையைத் தொலைவிலேயே உடையவைத்து, எஞ்சிய ஆற்றலைக் கரையேறும் வழியில் தீர்த்துவிடுவதே சரிவான மணற்கரையின் பணி. புயல் அலைகள் கரையின் மேற்பகுதியிலிருந்து பறிக்கும் மணலில் பெரும்பகுதி ஆழ்கடலுக்குப் போய்விடுவதில்லை. சற்றுத் தள்ளி நீருக்கடியில் ஒரு திட்டாகப் படிகிறது. அங்கே ஆழம் குறைந்துவிடுவதால், பின்னால் வரும் பெரிய அலைகள் அந்த இடத்திலேயே உடைகின்றன. நம் கண்ணிலிருந்து மறைந்த மணல் அப்போதுதான் நிலத்தைக் காத்துக்கொண்டிருக்கிறது. செங்குத்தான கற்சுவரால் இப்படி இடம்பெயர முடியாது. மோதும் அலையை அது திருப்பியனுப்ப, அந்த விசை சுவரின் காலடி மணலையே தோண்டியெடுக்கிறது.

ஆகவே, கடற்கரையைச் சீரமைப்பது என்றால் நாம் நடக்கும் பகுதியை மட்டும் அகலப்படுத்துவதன்று. நீருக்கடியில் உள்ள சரிவையும் சேர்த்து நிரப்ப வேண்டும். பெரிய திட்டங்களில், தூர்வாரும் கப்பல் கடலடி மணலை உறிஞ்சி நீரோடு கலந்து குழாய்வழியே கரைக்குப் பாய்ச்ச, புல்டோசர்கள் அதைப் பரப்புகின்றன. மணலின் பருமன் இங்கே முக்கியம். பழைய மணலைவிட நுண்ணியதாக இருந்தால் அது மிகத் தட்டையான சரிவில்தான் நிலைகொள்ளும், விரைவில் கலைந்தும் போகும். ஆகையால் அதே பருமனோ சற்றுப் பெரியதோ தேர்ந்தெடுக்கப்படுகிறது. சேறு கலந்திருந்தால் நீர் கலங்கி, கடற்புல்லும் பவளமும் பாதிக்கப்படும். முதல் சில மாதங்களில் புதிய கரை குறுகுவதைப் பார்த்துப் பலர் தோல்வி என்று எண்ணுகிறார்கள். மேலே கொட்டிய மணலை அலைகள் கீழ்ச்சரிவுக்குப் பகிர்வதால் அது நிகழ்கிறது. பொறியாளர்கள் அதையும் கணக்கிட்டே கூடுதலாக இடுகிறார்கள்.

உண்மையான இழப்பு கரையோரமாக நகரும் மணலால் ஏற்படுகிறது. சாய்வாக வரும் அலைகள் மணலைக் கரைநெடுகத் தள்ளிச் செல்கின்றன. வழியில் ஒரு தடை எழுந்தால் ஒருபுறம் சேரும், மறுபுறம் அரிக்கும். சென்னைத் துறைமுகத்தின் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கரை தேய்ந்ததும் இதனால்தான். புதுச்சேரியிலும் துறைமுகத் தடுப்புகளுக்கு வடக்கே நகரக் கடற்கரை அழிந்தது. 2018இல் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் நீருக்கடியில் ஒரு தடுப்பை அமைத்து, மணலையும் நிரப்பிய பிறகே அது மீண்டது.

சிங்கப்பூரின் கிழக்குக் கரையோ முழுக்க மனிதர் ஆக்கியது. 1966இல் தொடங்கிய நில மீட்பில், பிடோக், சிக்லாப் குன்றுகளை வெட்டிய மண் கடலில் கொட்டப்பட்டது. கரையோரமாக இடைவெளிவிட்டு அமைத்த கல் முனைகளுக்கு இடையே அலைகளே மணலை வளைந்த குடாக்களாகச் செதுக்கிக்கொள்ளுமாறு விடப்பட்டது. கல்லும் மணலும் பொறுப்பைப் பங்கிட்டுக்கொள்ளும் இந்த ஏற்பாடு உலகக் கடலோரப் பொறியியலில் எடுத்துக்காட்டாகப் பேசப்படுகிறது. அந்தப் பெருமை இங்கு போதிய அளவு உணரப்படவில்லை என்பது என் வருத்தம்.

ஆனாலும் ஒரு குறை உண்டு. திறந்த பெருங்கடலோரத்தில், புயல் ஓய்ந்தபின் வரும் நீண்ட, மென்மையான அலைகள் திட்டிலிருந்து மணலை மெல்ல மேலே கொண்டுவந்து சேர்க்கும். நிலத்தால் சூழப்பட்ட சிங்கப்பூர் நீரிணையில் அத்தகைய அலைகள் குறைவு. அரிப்பு ஆறத் தாமதமாகிறது, மனிதர் இடும் மணல் தேவைப்படுகிறது. புயலே வராத நாடு என்றும் இருந்துவிட முடியாது. 2001 டிசம்பரில் வாமெய் சூறாவளி அருகிலுள்ள ஜோகூரில் கரைகடந்தது. 2100க்குள் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்று அரசாங்க ஆய்வு கணித்துள்ளது. நாட்டின் ஏறத்தாழ 30 விழுக்காட்டு நிலம் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது.

2023இல் அறிவிக்கப்பட்ட, சுமார் 800 ஹெக்டர் பரப்புள்ள ‘லாங் ஐலண்ட்’ நில மீட்புத் திட்டம் நிறைவேறும்போது, இன்றைய கிழக்குக் கரைக்கும் புதிய நிலத்துக்கும் நடுவே நீர்த்தேக்கம் உருவாகும். திறந்த கடலை எதிர்கொள்வது புதிய நிலத்தின் வெளிக்கரையாக இருக்கும். அங்கே எவ்வளவு தூரத்துக்குக் கல், எவ்வளவு தூரத்துக்கு மணல் என்பதை வரைபட நிலையிலேயே முடிவுசெய்தாக வேண்டும். மணல் நகர்வதற்கு இடம் ஒதுக்காமல் கட்டிவிட்ட கரையில் பின்னர் ஒரு கடற்கரையைச் சேர்ப்பது மிகக் கடினம்.