உங்கள் ஊர்ப் பதிவேட்டில் பாலைப்பழம் இருக்கிறதா?

பல்லுயிர்ச் சட்டம் என்றதும் மழைக்காடும் மேற்குத்தொடர்ச்சி மலையும்தான் நினைவுக்கு வரும். வயலும் வாய்க்காலுமான டெல்டாவில் அதற்கென்ன வேலை என்று கேட்பவர்கள் வேதாரண்யம் தாண்டிக் கோடியக்கரைக்கு ஒருமுறை வர வேண்டும். அங்கே இருப்பது மழைக்காடு இல்லை. வறட்சியிலும் பச்சையாகவே நிற்கும் உலர் பசுமைமாறாக் காடு. கிழக்குக் கடற்கரையோரம் இந்த வகைக் காடு துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. பாலை மரம்தான் அங்கே ராஜா. கோடையில் மஞ்சளாகப் பழுக்கும் பாலைப்பழத்தை வாயில் போட்டால், பால் உதட்டில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதன் முதல் வேலை மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிப்பது. ஊரில் உள்ள மரம், மூலிகை, மீன், நெல் ரகம், ஆடுமாடு, இவை பற்றி மக்களுக்குத் தெரிந்த பாரம்பரிய அறிவு எல்லாம் அதில் ஏற வேண்டும். உப்பு மண்ணைத் தாங்கும் குழியடிச்சான் நெல் எந்த வயலில் விளைந்தது என்பதும் அதில் சேர்த்திதான்.

குழு அமைத்துப் பதிவேடு எழுதும் வேலையை 2020 ஜனவரி 31-க்குள் முடிக்காத மாநிலங்கள் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்தது. அவசரத்தில் எழுதினால் எப்படி இருக்கும்? வேப்பமரம், அரசமரம், காகம், மைனா என்று எந்த ஊருக்கும் பொருந்துகிற பட்டியல்தான் வரும். ஆடு மேய்க்கும் பாட்டியைக் கேட்டிருந்தால் கஜா புயலுக்கு முன்னால் எந்த மரம் எங்கே நின்றது என்று விரல் விட்டுச் சொல்லியிருப்பார்.

இதில் காசும் இருக்கிறது. ஊர் எல்லைக்குள் வியாபாரத்துக்காக மூலிகையோ வேறு உயிர்வளமோ சேகரிப்பவரிடம் குழு கட்டணம் வாங்கலாம். அது உள்ளூர்ப் பல்லுயிர் நிதிக்குப் போகும். உள்ளூர் மக்கள், விவசாயிகள், நாட்டு வைத்தியர்கள் பயப்பட வேண்டாம், அவர்களுக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. 2023 திருத்தம் சாகுபடி செய்த மூலிகைக்கும் விலக்கு தந்தது. ஆனால் அது பயிரிட்டதுதான் என்பதற்குக் குழுவிடம் தோற்றச் சான்று வேண்டும். குழு பேருக்கு மட்டும் இருந்தால் அந்தச் சான்றுக்கு எங்கே போவது?

அதனால் ஊராட்சி அலுவலகத்தில் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். இழுத்தடித்தால் 10 ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போடலாம். விடுபட்டவற்றை எழுதிக்கொண்டு போய் அடுத்த கிராம சபையில் கொடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறியதா என்று கையெழுத்துப் போடும் முன் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் ஒன்று: பாலைப்பழம் பதிவேட்டில் ஏறிவிட்டது என்பதற்காகக் காட்டுக்குள் போய்ப் பறிக்க முடியாது. கோடியக்கரை 1967 முதல் சரணாலயம். உள்ளே வனத்துறை சொல்வதுதான் சட்டம். குழு அனுமதி எதுவும் அங்கே செல்லாது.