கோபம் ஆற எவ்வளவு நேரம் ஆகும்?

மே மாதத்து இரவு எட்டு மணி. வில்லிவாக்கத்தில் மூன்று மாடி அடுக்குமாடிக் குடியிருப்பு. லாரித் தண்ணீர் வந்து கீழ்த்தொட்டியை நிரப்பிவிட்டுப் போயிருக்கிறது. அதை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்ற மோட்டாரைப் போட்ட கணவர், அலுவலக அழைப்பில் மூழ்கி அதை நிறுத்த மறந்துவிடுகிறார். தொட்டி வழிந்து, கீழ்வீட்டுக்காரர் சத்தம் போட்ட பிறகுதான் சமையலறையில் இருந்த மனைவிக்குச் செய்தி தெரிகிறது. “எப்பவுமே இப்படித்தான், உங்களுக்கு வீட்டு நினைப்பே கிடையாது” என்கிறார் அவர். “ஒரு நாள் மறந்ததுக்கு இவ்வளவு பேசுறியே, உங்கப்பா எதையும் மறந்ததே இல்லையா?” என்கிறார் கணவர். தண்ணீரில் தொடங்கிய பேச்சு பத்தே நிமிடத்தில் கல்யாண மண்டபத்தில் யாருக்கு யார் மரியாதை கொடுக்கவில்லை என்பது வரை போய்விடுகிறது. இந்தத் தம்பதி என் கற்பனை; இந்தச் சண்டை அப்படியல்ல என்பது சென்னைக் கோடையில் குடித்தனம் நடத்தும் எவருக்கும் தெரியும்.

இப்படிப்பட்ட நேரங்களுக்கென்று நம்மிடம் இரண்டு அறிவுரைகள் வழக்கத்தில் உள்ளன. பெரியவர்கள் ‘கோபத்தை அடக்கு’ என்பார்கள். நண்பர்கள் ‘மனதில் வைத்துக்கொள்ளாதே, கொட்டித் தீர்த்துவிடு’ என்பார்கள். ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரண்டையும் உளவியலாளர்கள் ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்; இரண்டுமே சரியாகத் தேறவில்லை. தமிழில் மூன்றாவதாக ஒரு வினைச்சொல் இருக்கிறது. சுடவைத்த பால், பட்ட புண், வந்த கோபம் ஆகிய மூன்றுமே ‘ஆறும்’ என்கிறோம். கடந்த சில பத்தாண்டுகளின் ஆய்வுகள் இந்தச் சொல்லுக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கின்றன.

ஆறுவதற்கு நேரம் தேவைப்படுவது ஏன் என்பதை உடலிலிருந்து தொடங்கிப் பார்க்க வேண்டும். ஆபத்தை எதிர்த்து நிற்கவோ அதிலிருந்து தப்பி ஓடவோ உடல் தன்னை எப்படி ஆயத்தப்படுத்துகிறது என்பதை அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1915ஆம் ஆண்டிலேயே விவரித்தார். மூளை ஒன்றை அச்சுறுத்தலாக எடுத்துக்கொண்டதும் பரிவு நரம்பு மண்டலம் விழித்துக்கொள்கிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு விரைகிறது, தசைகள் இறுகுகின்றன. அட்ரினலின் சில நிமிடங்களில் ரத்தத்திலிருந்து குறைந்துவிடும். ஆனால் பின்னாலேயே வரும் கார்டிசால் என்னும் ஹார்மோன், நெருக்கடி தொடங்கி ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்கள் கழித்தே உச்சத்தைத் தொடுகிறது. வாய்ச்சண்டை முடிந்து இருவரும் ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்திருக்கும்போதும், உடலுக்குள் சண்டை நடந்துகொண்டிருக்கிறது என்பது இதன் பொருள்.

இதில் நம்மை ஏமாற்றும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 1970களில் டால்ஃப் சில்மன் என்ற ஆய்வாளர், உடற்பயிற்சி சைக்கிளை மிதித்தவர்களைச் சற்று நேரம் கழித்துச் சீண்டிப் பார்த்தார். களைப்பு நீங்கிவிட்டதாக அவர்களுக்குத் தோன்றியபோதும் உடலில் கிளர்ச்சி எஞ்சியிருந்தது. அந்த எச்சம், சீண்டியவர் மீதான கோபத்தோடு சேர்ந்துகொண்டது. சோழிங்கநல்லூரில் வண்டியை எடுத்து, ஓஎம்ஆர் நெரிசலையும் கத்திப்பாரா மேம்பாலத்தையும் கடந்து வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தவரின் உடலில் அன்றைய ஹாரன் சத்தமெல்லாம் மிச்சமிருக்கும். வீட்டில் கேட்ட ஒரு சொல்லால் தனக்குக் கோபம் வந்ததாக அவர் நினைப்பார். அந்தக் கோபத்தில் பாதி சாலையில் ஏறியது.

கொட்டித் தீர்ப்பது ஏன் உதவுவதில்லை என்பதற்கு 2002இல் வெளிவந்த பிராட் புஷ்மனின் சோதனை நல்ல சான்று. 600 கல்லூரி மாணவர்களைக் கட்டுரை எழுதவைத்து, அதைக் கடுமையாக இழித்துரைத்துக் கோபமூட்டினார்கள். ஒரு பிரிவினர், தங்களை இழித்தவரை நினைத்தபடி குத்துச்சண்டைப் பையைக் குத்தினர். இன்னொரு பிரிவினர் உடற்பயிற்சி என்ற நினைப்போடு குத்தினர். மூன்றாம் பிரிவினர் இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தனர். இழித்தவரை நினைத்துக் குத்தியவர்களே மிகுந்த கோபத்தோடு இருந்தார்கள். வாய்ப்புக் கிடைத்தபோது எதிராளியை மிகக் குறைவாகத் தாக்கியவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தவர்களே. 154 ஆய்வுகளைத் தொகுத்து 2024இல் புஷ்மனும் சோஃபி கியார்விக்கும் செய்த பகுப்பாய்வும் அதையே சொன்னது: மெதுவான மூச்சு, தியானம், தசைகளைத் தளர்த்துதல் போன்று உடல் கிளர்ச்சியைத் தணிப்பவை கோபத்தைக் குறைக்கின்றன, ஓடுவது போலக் கிளர்ச்சியைக் கூட்டுபவை பொதுவாகக் குறைப்பதில்லை. நடந்துவிட்டு வந்தால் சரியாகிவிடும் என்று பெரம்பூர் வரை வேகவேகமாக நடந்துபோய், வழியெல்லாம் மனதுக்குள் வாதாடிக்கொண்டு திரும்பியவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன்.

அடக்குவதன் கதை வேறு. ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் இருவரும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், அருவருப்பூட்டும் படத்தைப் பார்த்தவர்களில் ஒரு பகுதியினரிடம் முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்று சொன்னார்கள். அவர்களால் முகத்தை மறைக்க முடிந்தது. உள்ளே இருந்த உணர்வு குறையவில்லை, பரிவு நரம்பு மண்டலத்தின் பரபரப்போ கூடியது. இதைவிட எனக்கு வியப்பளித்தது 2003இல் எமிலி பட்லரும் குழுவினரும் கண்டது. மனதைக் கலக்கும் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, முன்பின் அறியாத இரண்டிரண்டு பெண்கள் அதைப் பற்றி உரையாடினார்கள். ஒருவர் உணர்ச்சியை மறைத்தபோது, எதிரே இருந்தவரின் ரத்த அழுத்தமும் ஏறியது. ‘நான் ஒன்றும் சொல்லவில்லையே, பேசாமல்தானே இருந்தேன்’ என்று வீடுகளில் சொல்லப்படும் சமாதானத்தை இந்த முடிவோடு சேர்த்துப் படிக்க வேண்டும். இருப்பினும், ஆசியப் பண்பாட்டு விழுமியங்களை உடைய பெண்கள் உணர்ச்சியை மறைத்தபோது, பழகுவதில் அதனால் வரும் பாதிப்பு குறைவாக இருந்ததாக பட்லரும் சக ஆய்வாளர்களும் 2007இல் தெரிவித்தார்கள். மாமியார் முன்னால் முகத்தைச் சுளிக்காமல் இருப்பது மரியாதையாகக் கருதப்படும் வீட்டில், அந்த மறைப்பு அமெரிக்கக் கல்லூரி அறையில் உண்டாக்கும் விளைவையே உண்டாக்கும் என்று கொள்ள முடியாது.

கிராஸின் முக்கியமான பங்களிப்பு, உணர்ச்சியில் எந்த இடத்தில் கைவைக்கலாம் என்று காட்டியது. ஒரு நிகழ்ச்சி நேர்கிறது. அதன் மீது கவனம் விழுகிறது. மனம் அதற்கு ஒரு பொருள் கொடுக்கிறது. அதன் பிறகே உடலும் முகமும் பொங்குகின்றன. அடக்குவது கடைசிக் கட்டத்தில் செய்யும் வேலை, அதனால்தான் அதற்கு அவ்வளவு விலை. பொருள் கொடுக்கும் கட்டத்திலேயே தலையிடுவதை ‘மறுமதிப்பீடு’ என்கிறார்கள். 1960களில் ஆரோன் பெக் உருவாக்கிய அறிவுசார் சிகிச்சையின் அடிப்படையும் இதற்கு நெருக்கமானது: நிகழ்ச்சியைவிட, அதைப் பற்றி மனம் கண நேரத்தில் சொல்லிக்கொள்ளும் வாக்கியமே நம்மை அலைக்கழிக்கிறது. மோட்டாரை நிறுத்தாதது நிகழ்ச்சி. ‘என் உழைப்பை இவர் மதிக்கவில்லை’ என்பது மனம் கொடுத்த பொருள். அந்தப் பொருள் தவறாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அதைச் சரிபார்க்கக்கூடிய கூற்றாக எடுத்துக்கொள்வதே பெக்கின் முறை: போன வாரம் மோட்டாரை நிறுத்தியது யார், இன்று அந்த அழைப்பு எதைப் பற்றியது, இதற்கு வேறு விளக்கம் உண்டா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

உணர்ச்சிக்குச் சரியான பெயர் வைப்பதும் உதவுகிறது. மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007இல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வில், கோபமோ அச்சமோ தெரியும் முகங்களைக் கண்டவர்கள் அந்த உணர்ச்சியைச் சொல்லால் குறித்தபோது, அச்சுறுத்தலுக்கு எதிர்வினையாற்றும் அமிக்டலாவின் செயல்பாடு குறைந்து, நெற்றிப்புற மூளையின் வலப்பகுதி ஒன்றின் செயல்பாடு கூடியது. சொற்களுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. எரிச்சல், ஆத்திரம், ரோஷம், மனத்தாங்கல், அலுப்பு, சென்னைக்கே உரிய ‘காண்டு’ ஆகிய ஒவ்வொன்றும் வேறு வேறு நிலை. ‘எனக்குக் கோபம்’ என்பதற்கும் ‘எனக்கு மனத்தாங்கல்’ என்பதற்கும் இடையே பெரிய தொலைவு உண்டு. முன்னது கேட்பவரைத் தற்காப்புக்குத் தள்ளும், பின்னது ‘ஏன்?’ என்று கேட்கவைக்கும்.

இவற்றையெல்லாம் இருவர் வாழும் வீட்டுக்குள் கொண்டுவந்து பார்த்தவர் உளவியலாளர் ஜான் காட்மன். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், தம்பதியர் வாக்குவாதம் செய்யும்போது அவர்களின் நாடித்துடிப்பையும் முகக்குறிகளையும் அவர் பதிவு செய்தார். துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டும் நிலையில் மனிதர்களால் எதிராளி சொல்வதைச் சரியாகக் காதில் வாங்கவே முடிவதில்லை என்பது அவருடைய கருத்து. குறைந்தது 20 நிமிடம் பேச்சை நிறுத்திவைக்கும்படி அவர் சொல்வது இதனால்தான். புஷ்மனின் சோதனையை நினைவில் கொண்டால், அந்த இடைவேளையில் அடுத்த வாதத்தைத் தயார் செய்யக் கூடாது. துணி மடிக்கலாம், பாட்டுக் கேட்கலாம். ‘எட்டரைக்குப் பேசலாம்’ என்று நேரம் சொல்லிவிட்டு எழுவதும் அவசியம். சொல்லாமல் எழுந்து போவது முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்துவதாகவே மற்றவருக்குப் படும்.

124 புதுமணத் தம்பதியரிடம் செய்து 1999இல் வெளியான ஆய்வில், வாக்குவாதத்தின் முதல் மூன்று நிமிடங்களே பின்னாளைய மணமுறிவோடு தொடர்புடையவையாக இருந்ததாக காட்மனும் சிபில் காரேரும் எழுதினார்கள். இதைப் போன்ற கணிப்புகள் புதிய தம்பதியரிடம் தனியாகச் சரிபார்க்கப்படவில்லை என்று சக ஆய்வாளர்கள் குறை சொல்வது நியாயமே. ‘மணமுறிவை முன்கூட்டியே சொல்லும் விஞ்ஞானி’ என்ற விளம்பரத்தை நான் நம்புவதில்லை. ஆயினும் தொடக்க வாக்கியம் முக்கியம் என்பதை ஏற்க முடிகிறது. “தொட்டி வழிஞ்சதுல கீழ்வீட்டுக்காரர் திட்டுனது எனக்குச் சங்கடமா போச்சுங்க” என்பது நடந்ததைப் பற்றிய முறையீடு. “உங்களுக்கு வீட்டு நினைப்பே கிடையாது” என்பது ஆளின் மீதான தீர்ப்பு. அதற்கும் அடுத்த படியான ஏளனமே உறவை மிகவும் அரிப்பதாக காட்மன் கருதினார்.

மறுமதிப்பீட்டைத் தம்பதியருக்குக் கற்றுத்தர முடியுமா என்று எலி ஃபிங்கல் சோதித்தார். 2013இல் வெளியான அந்த ஆய்வில் 120 தம்பதியர் இரண்டு ஆண்டுகள் கலந்துகொண்டார்கள். இரண்டாம் ஆண்டில் பாதிப் பேர், இருவருடைய நலனையும் விரும்பும் நடுநிலையாளர் ஒருவர் தங்கள் சண்டையை எப்படிப் பார்ப்பார் என்று ஏழு நிமிடம் எழுதினார்கள். ஆண்டில் மூன்று முறை, மொத்தம் 21 நிமிடம். மற்றவர்களின் மணவாழ்க்கை நிறைவு தொடர்ந்து சரிந்தது. எழுதியவர்களிடம் அந்தச் சரிவு நின்றது. இருவருக்கும் வேண்டிய பெரியவர் ஒருவரை நடுவில் உட்காரவைக்கும் நம் பழைய வழக்கத்தை மனதுக்குள்ளேயே செய்துகொள்வதாக இதைக் கொள்ளலாம், அந்தப் பெரியவர் யாராவது ஒருவர் பக்கம் சாய்ந்துவிடும் ஆபத்து இல்லாமல்.

அடி, மிரட்டல், அச்சம் உள்ள வீட்டுக்கு இவை எதுவும் பொருந்தாது. அங்கே பாதிக்கப்பட்டவரிடம் மறுமதிப்பீடு செய்யச் சொல்வது கொடுமை. அதற்கு 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் 181 என்ற பெண்கள் உதவி எண்ணும் இருக்கின்றன. உறக்கமும் பசியும் கெடும் அளவுக்கு மனம் தவிப்பவர்கள் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவுக்குச் செல்லலாம்; 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

வில்லிவாக்கத்துத் தம்பதியின் மோட்டார் பிரச்சினைக்கு மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் தீர்வு கிடைக்கும். தொட்டி நிறைந்ததும் மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவியை வாங்கி மாட்டினால் போதும். ஆனால் தம்பதியரிடையே வரும் கருத்து வேறுபாடுகளில் 69 விழுக்காடு தீராமல் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப வருபவை என்று காட்மன் கணக்கிட்டார். வீட்டு வேலைகளை நினைவில் வைத்திருக்கும் பொறுப்பு யாருடையது என்பது அந்த வகையைச் சேர்ந்தது. கருவி மாட்டிய பிறகும் அது கேஸ் சிலிண்டர் பதிவின் வடிவத்தில் அடுத்த மாதம் வரும். அப்போது பேச்சை யார், எந்த வாக்கியத்தில் தொடங்குகிறார் என்பதை மட்டும் அவர்களால் மாற்றிக்கொள்ள முடியும்.