கார்ட்டூன் மாப்பிள்ளையும் கணினித் தாத்தாவும்

முகூர்த்த மாதம் வந்தால் வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் கார்ட்டூன் கல்யாணப் பத்திரிகைகள் குவியும். பெரிய தலை, முட்டைக் கண், மூக்குக்கு ஒரு கோடு. மணமக்களுக்கும் படத்துக்கும் ஒற்றுமை மீசையும் கண்ணாடியும்தான். ஆனாலும் எல்லோரும் ‘சூப்பர்’ என்பார்கள். கல்யாணத்தன்று மண்டபத்துத் திரையில் வேறொன்று ஓடும். காலமான தாத்தாவின் போட்டோ செயற்கை நுண்ணறிவால் அசைந்து, கையுயர்த்தி ஆசீர்வதிக்கும். முகம் அச்சு அசல் அவரேதான். பிள்ளைகள் கண்கலங்க, முன்வரிசைப் பாட்டி ஒருத்தி மட்டும் “இன்னாமோ மாதிரி கீதும்மா” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அந்த ‘இன்னாமோ’வை 1970-இல் ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி ஒரு வளைகோடாக வரைந்தார். பொம்மை மனிதச் சாயலை நெருங்க நெருங்க நமக்குப் பிடித்துப்போகும். ஏறக்குறைய மனிதன் என்ற இடத்தில் அந்தப் பிடிப்பு சடாரெனப் பள்ளத்தில் விழும். அசல் மனிதனை எட்டும்போது மறுபடி மேலேறும். செயற்கைக் கையை அவர் உதாரணம் காட்டினார்: பார்க்க நிஜம், தொட்டால் சில்லிப்பு. அசைவும் சேர்ந்தால் பள்ளம் இன்னும் ஆழமாகும் என்றார். இதெல்லாம் ஊகம், அவர் சோதனை செய்து சொன்னதல்ல. அந்தக் கோட்டை வேதவாக்காக எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. பின்னால் வந்த சோதனைகளைப் பார்த்தால், உருவம் எவ்வளவு நிஜம் என்பதைவிட அதன் பகுதிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

2012-இல் அச்சான அய்ஷே சைகின் குழுவின் ஆய்வு ஒன்று. ஸ்கேன் கருவிக்குள் படுத்திருந்தவர்களுக்கு ஒரே அசைவுகள் மூன்று விதமாகக் காட்டப்பட்டன: ஒரு பெண், அவளைப் போலவே தோலும் முடியும் வைத்த ரோபோ, அதே ரோபோ தோல் உரித்து இயந்திரம் வெளித்தெரிய. மனித உருவம் மனிதனாக அசைந்தது, இயந்திரம் இயந்திரமாக அசைந்தது. இரண்டிலும் மூளைக்குக் குழப்பமில்லை. மனிதத் தோலோடு ரோபோ வெட்டிவெட்டி அசைந்தபோதுதான் மூளையின் செயல்பாடு தனித்துத் தெரிந்தது. தோற்றத்தை வைத்து அடுத்த அசைவு எப்படியிருக்கும் என்று மூளை முன்கூட்டியே கணிக்கிறது. கணிப்பு பொய்த்தால் உறுத்துகிறது. ஆய்வாளர்கள் தந்த விளக்கம் இது.

அசையாத முகத்திலும் இதே கதைதான். 2007-இல் செயாமா, நாகயாமா என்ற இருவர் கணினி முகங்களின் கண்களை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தார்கள். அசல்போன்ற தோல் கொண்ட முகத்தில் அது அதிக அருவருப்பைத் தந்தது. பொம்மைத்தனமான முகத்தில் அவ்வளவு உறுத்தவில்லை. தோலும் லேசுப்பட்டதல்ல. ஒளி நம் தோலின் மேலே பட்டுத் தெறிப்பதோடு நிற்பதில்லை. கொஞ்சம் உள்ளே புகுந்து, சிதறி, ரத்தச் சிவப்பை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறது. இதைக் கணக்கிடாத உருவம் பிளாஸ்டிக்காகத் தெரியும். 2015-இல் எட்வார்ட் செல் குழு, முகத்தின் வடிவத்தையும் மேற்பரப்பையும் தனித்தனியே மாற்றிச் சோதித்தது. நிஜம்போல் தோன்றுவதைப் பெரிதும் தீர்மானித்தது வடிவம். அழகாகத் தோன்றுவதில் மேற்பரப்பின் பங்கு பெரிது. தோலைச் சற்று வழவழப்பாக்கினால் பிடித்தம் கூடியது. செல்பி ஆப் செய்பவர்களுக்கு இது எப்போதோ தெரியும்!

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் கூட்டத்தின் நடுவே வரும் அம்மன் முகத்தின் விழிகள் எந்த மனிதக் கண்ணையும்விடப் பெரியவை. யாருக்கும் அது ‘தப்பான முகம்’ என்று படுவதில்லை. பழைய வட ஆற்காட்டுக் கூத்தில் செக்கச்சிவந்த அரிதாரத்தோடு வரும் துரியோதனனும் அப்படித்தான். முகம், கட்டை எனும் மர அணிகலன்கள், அடவு, குரல் எல்லாமே ஒரே அளவுக்கு மிகைபட்டிருப்பதால் எதுவும் பிசிறடிப்பதில்லை.

இதெல்லாம் பழக்கம்தான் என்று தள்ளிவிடலாமா? 2009-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் குரங்குகளுக்குக் குரங்கு முகங்களைக் காட்டினார்கள். அசல் முகத்தையும் மொண்ணையாக வரைந்த முகத்தையும் அவை நெடுநேரம் பார்த்தன. அசலை நெருங்கிய கணினி முகத்தைத்தான் தவிர்த்தன. ஆகவே இது மனிதருக்கு மட்டுமேயானதல்ல. ஆனால் முழுக்கப் பிறவியிலேயே வருவதும் அல்ல. கைக்குழந்தைகளிடம் இதே மாதிரிச் சோதித்தபோது 6, 8, 10 மாதக் குழந்தைகளிடம் அந்த விலகல் தென்படவில்லை. 12 மாதக் குழந்தைகளிடம் தென்பட்டது. நிஜ முகங்களைப் பார்த்துப் பழக அவர்களுக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் தேவைப்பட்டிருக்கிறது.