பழைய வீடும் புதிய அறையும் சேரும் இடம்: நாமே டைல்ஸ் பதிக்கத் திட்டமிடும்போது

திண்டிவனத்துக்கு அருகே ஒரு பள்ளி ஆசிரியர், தம் வீட்டின் பின்புறம் சேர்த்துக் கட்டிய அறையின் தரையைப் பார்த்துச் சொல்லும்படி என்னை அழைத்திருந்தார். பழைய பின்சுவரை ஆறு அடி அகலத்துக்குத் திறந்து, அதன் வழியாக நுழையும்படி 12 அடிக்கு 14 அடி அளவில் எழுப்பிய அறை அது. கோடை விடுமுறையில் அவரும் கல்லூரியில் படிக்கும் மகனும் சேர்ந்து தாங்களே டைல்ஸ் பதித்திருந்தார்கள். கை நேர்த்தியில் குறை சொல்ல இடமில்லை. இணைப்புக் கோடுகள் நூல் பிடித்தாற்போல் ஓடின. ஆனால் அந்த ஆறு அடித் திறப்பில் இருந்த மூன்று டைல்ஸ்களும், அடியில் மறைந்திருந்த பழைய சுவரின் விளிம்பை ஒட்டி, ஒரே நேர்கோட்டில் விரிசல் கண்டிருந்தன.

அவர்கள் டைல்ஸின் தரத்தைச் சந்தேகித்தார்கள். கோளாறு டைல்ஸில் இல்லை. அந்த மூன்றும் பாதி பழைய சுவரின் மீதும் பாதி புதிதாக நிரப்பிய மண்ணின் மீதும் உட்கார்ந்திருந்தன. பழைய அஸ்திவாரம் பல ஆண்டுகளில் அமர வேண்டிய அளவு அமர்ந்துவிட்டது. புதிய பகுதியோ முதல் மழைக்காலத்தில்தான் அமரத் தொடங்கியது. இரண்டும் வெவ்வேறு அளவில் இறங்கும்போது, இடையே பாலம்போல் கிடக்கும் டைல்ஸ் உடையத்தான் செய்யும். வீட்டை ஒட்டி அறை சேர்ப்பவர்கள் டைல்ஸ் கடைக்குப் போகும் முன்பே இந்த ஒரு கோட்டைப் பற்றி யோசித்துவிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பேஸ்மென்ட்டுக்குள், அதாவது தரையை உயர்த்த எழுப்பும் அடிச்சுவர்களுக்கு நடுவே, நிரப்பும் கிராவல் மண்ணை மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் தண்ணீர் விடுவது நம் ஊரில் பரவலாக நடக்கும் தவறு. அரை அடிக்கு ஒரு அடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் நனைத்துத் திமிசால் இடித்து இறுக்கிய பிறகே அடுத்த அடுக்குக்குப் போக வேண்டும். அதன் மேல் நான்கு அங்குலக் கான்கிரீட் போட்டு, குறைந்தது ஏழு நாள் நீராற்றி, 28 நாள் கழியும்வரை டைல்ஸ் பக்கம் போகாதிருப்பது நல்லது. கரிசல் மண் உள்ள இடமென்றால் ஒரு மழைக்காலம் கடக்கட்டும் என்றுகூடச் சொல்வேன். அங்கே மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும்.

கான்கிரீட்டின் மட்டத்தையும் அது போடும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். புதிய தரை பழைய கூடத்தின் தரையோடு சமமாக முடிய வேண்டுமானால், பசையில் ஒட்டும் முறைக்கு டைல்ஸின் கனம் ஒன்பது மில்லிமீட்டரும் பசை ஐந்து, ஆறு மில்லிமீட்டரும் சேர்த்துச் சுமார் 15 மில்லிமீட்டர் இறக்கம் போதும். சிமென்ட் கலவைப் படுகையில் பதிப்பதென்றால் இரண்டு அங்குலமாவது தேவை. இதை யோசிக்காமல் கான்கிரீட்டை இரண்டு அங்குலம் தாழ்த்திவிட்டு, அந்தப் பள்ளத்தைப் பசையாலேயே நிரப்ப முயன்றவர்களைப் பார்த்திருக்கிறேன். தடிமனாகப் போட்ட பசை காயும்போது சுருங்கி டைல்ஸை விட்டுவிடும். மட்டத்தைக் கண்ணால் நம்பாமல், டியூபில் தண்ணீர் பிடித்துப் பழைய கூடத்திலிருந்து அறையின் நான்கு மூலைக்கும் குறியிட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது அளவு. "இரண்டுக்கு இரண்டு" என்று விற்கப்படும் டைல்ஸ் உண்மையில் 600 மில்லிமீட்டர்தான். முழு இரண்டு அடி என்பது 610. ஆகவே நான்கு டைல்ஸ் உள்ள பெட்டி 16 சதுர அடி அல்ல, 15.5 சதுர அடி. ஆசிரியரின் அறை 168 சதுர அடி. வெட்டிலும் உடைப்பிலும் போகும் பத்து விழுக்காட்டைச் சேர்த்தால் தரைக்கு 12 பெட்டி, சுவரடியில் ஒட்டும் ஸ்கர்டிங் பட்டைக்கும் கையிருப்புக்கும் இன்னும் இரண்டு. எல்லாப் பெட்டிகளிலும் ஷேட் (நிறச்சாயல்) எண்ணும் பேட்ச் (தயாரிப்புத் தொகுதி) எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதை வண்டியில் ஏற்றும் முன்பே பாருங்கள்.

இதே வேறுபாடு தரையிலும் வேலை செய்யும். பூச்சு முடிந்த 12 அடி அகலத்தில் ஒரு சுவரை ஒட்டித் தொடங்கினால், ஆறு டைல்ஸ் போட்ட பின் எதிர்ச்சுவரில் மூன்று, நான்கு சென்டிமீட்டர் துண்டு மிஞ்சும். அதை வெட்டுவது கடினம், வெட்டினாலும் அழகாக இராது. நடுவில் ஐந்து முழு டைல்ஸ் வைத்து, இருபுறமும் சுமார் 32 சென்டிமீட்டர் துண்டு வருமாறு நகர்த்திவிட்டால் தீர்ந்தது. மூலைமட்டத்தை மட்டும் நம்பாமல், மூன்று அடி, நான்கு அடி அளந்து குறுக்கே ஐந்து அடி வருகிறதா என்று சரிபார்த்து நூல் கட்டுங்கள். பழைய சுவர்கள் பெரும்பாலும் செங்கோணத்தில் இருப்பதில்லை.

கண்ணாடிபோல் இறுகச் சுட்ட விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீரை அரை விழுக்காட்டுக்கு மேல் உறிஞ்சாது. உறுதிக்குக் காரணமான அதே தன்மையால் சிமென்ட்டை நீரில் கரைத்த வெறும் சிமென்ட் பால் அதில் நன்றாகப் பிடிப்பதில்லை. அதற்கென்று உள்ள பசையைப் பயன்படுத்த வேண்டும். பசைகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 15477, அந்த எண் பையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பை எத்தனை சதுர அடிக்கு வரும் என்பது பசையின் கனத்தைப் பொறுத்தது. பசையை ஐந்து உருண்டைகளாக வைத்து அழுத்துவது வேகமான வழிதான், ஆனால் இடையில் காற்று நிற்கும். பீரோவின் கால் அந்த இடத்தில் அமரும் நாளில் டைல்ஸ் உடையும். பல் வைத்த கரண்டியால் டைல்ஸ் அமரும் இடம் முழுவதும் சீவித் தடவுங்கள். நம் வெயிலில் தடவிய பசை விரைவில் மேற்பரப்பில் காய்ந்துவிடுமாதலால், ஒரு நேரத்தில் இரண்டு மூன்று டைல்ஸ்களுக்கு மேல் தடவ வேண்டாம்.

வெட்டும் வேலையில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வட்டத் தகடு சுழலும் கை கிரைண்டரால் உலர்வாக வெட்டும்போது பறக்கும் சிலிக்காத் தூசு நுரையீரலில் தங்கி ஆறாத நோயைத் தரும். நேர்வெட்டுக்குக் கைவெட்டியை வாடகைக்கு எடுங்கள். எல்-வடிவ வெட்டுக்குக் கிரைண்டர் தேவைப்படும் இடத்தை மட்டும் அனுபவமுள்ள கொத்தனாரிடம் விடுங்கள். முகக்கவசம், கண்ணாடி இல்லாமல் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது.

ஆசிரியர் வீட்டில் அந்த மூன்று டைல்ஸ்களையும் பெயர்த்தோம். பழைய சுவரின் விளிம்புக்கு நேராக எட்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, இருபுறமும் தனித்தனித் துண்டுகளாகப் பதித்து, இடைவெளியில், இணைப்புகளில் வழக்கமாக அடைக்கும் கிரௌட் கலவைக்குப் பதில், ரப்பர்போல் நெகிழும் சீலன்ட் நிரப்பினோம். கையிருப்பு வைக்கப்படாததால் அதே ஷேட் கிடைக்கவில்லை. அந்த ஆறு அடிக்கு மட்டும் கருப்புக் கிரானைட் பட்டை போட்டிருக்கிறோம்.