ஹாபிடாட்: எதன் வாழிடம்?

ஓர் உயிரினம் இயல்பாகக் காணப்படும் இடம், அல்லது அத்தகைய இடத்தின் வகை. 1992ஆம் ஆண்டின் பல்லுயிர் உடன்படிக்கை ஹாபிடாட்டுக்கு ஏறக்குறைய இப்படித்தான் பொருள் சொல்கிறது. தமிழில் வாழிடம்.

லத்தீனில் ஹாபிடாட் இடப்பெயரே அல்ல, வினைமுற்று: ‘வாழ்கிறது’. தாவரங்களை லத்தீனில் விவரித்தவர்கள், ஓர் இனம் எங்கே வளர்கிறது என்பதை இந்தச் சொல்லில்தான் தொடங்குவார்கள். சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட தாவர நூலில் இதைப் பக்கத்துக்குப் பக்கம் பார்க்கலாம். அப்புறம் தொடக்கச் சொல்லே இடத்தின் பெயராகிவிட்டது, எழுவாய் கழன்றுபோனது.

உள்ளூர்ப் பாதுகாப்புத் திட்டங்களில் வரும் குழப்பம் பாதி இதனால்தான். வரைபடத்தில் பச்சையாகத் தெரிவதெல்லாம் வாழிடம் என்று எழுதிவிடுகிறார்கள். சரி, எதன் வாழிடம்? வெந்தய வரியன் பட்டாம்பூச்சி எருக்கிலும் அதன் உறவுச் செடிகளிலும்தான் முட்டையிடும். வெளிவரும் புழு அந்த இலையைத் தின்றே வளரும். எருக்கைக் களை என்று பிடுங்கிப் புல்தரை போட்டால் பச்சை கூடும், புழுவுக்குச் சோறு இருக்காது. பட்டுப்போன மரமும் அப்படியே. ஆந்தைக்குப் பொந்து அங்கே கிடைக்கும். ‘அழகுபடுத்தல்’ என்றதும் முதலில் விழுவதும் அதுதான்.

இந்த இடத்தில் தமிழ்ச்சொல் மூலத்தைவிட ஒரு படி மேல் என்பேன். வாழிடம் வினைத்தொகை: வாழ்ந்த இடம், வாழ்கிற இடம், வாழும் இடம், மூன்றும் அதற்குள் அடக்கம். கோடையில் ஒரே ஒரு தடவை கணக்கெடுத்தால் வற்றிய குட்டை வெறும் தரிசாகத் தெரியும். தவளைகள் மண்ணுக்குள் கிடக்கும், குளிர்கால வலசைப் பறவைகள் எப்போதோ கிளம்பியிருக்கும். இரண்டுக்கும் அது வாழிடம்தான்.

வாழ்விடம் என்றும் எழுதுகிறார்கள். தவறில்லை, ஆனால் மக்களின் குடியிருப்பைச் சொல்லவும் அது பழகிவிட்டதால், உயிரியலுக்கு வாழிடமே தெளிவு. உறைவிடம் விடுதியை நினைவூட்டும். சரணாலயம், புகலிடம் இரண்டும் பாதுகாப்புக் கருதி ஒதுக்கிய இடத்தைக் குறிப்பவை, இங்கே பொருந்தா.

நேட்டிவ் (அந்த மண்ணுக்கே உரிய) என்ற அடைமொழி சேர்ந்தால் ‘இயல் வாழிடம்’ எனலாம். ‘உள்ளூர் வாழிடம்’ வேண்டாம்: வேறு கண்டத்து மரங்களை நட்டு வளர்த்த தோப்பும் உள்ளூரில்தான் இருக்கிறது. இருக்கிற இயல் வாழிடத்தைத் தொடாமல் விடுவதற்குக் ‘காத்தல்’, கெட்டதைச் சரிசெய்வதற்கு ‘மீட்டமைத்தல்’, அழித்ததற்குப் பதிலாக வேறிடத்தில் செய்வதற்கு ‘ஈடுசெய்தல்’. திட்டத்தில் முன்னுரிமையும் இதே வரிசைதான். மூன்றையும் ‘பாதுகாப்பு’ என்ற ஒரே சொல்லில் போட்டால், வெட்டிவிட்டு நடுவதும் பாதுகாப்புக் கணக்கில் ஏறிவிடும்.