சிங்கத்தை விடுங்கள், உங்கள் ஊரைப் பாருங்கள்

போன வாரம் வேலூர் பக்கம் அணைக்கட்டு ஊரிலிருந்து ஒரு கபடி அணிப் பையன்கள் என்னிடம் ஜெர்சி அடிக்க வந்தார்கள். சின்னம் போனிலேயே தயாராக இருந்தது. ஒரு கேடயம், அதற்குள் சாரநாத் சிங்கத்தூண், கீழே சத்யமேவ ஜயதே இருக்கவேண்டிய இடத்தில் அணியின் பெயர். "கெத்தா இருக்குல்லணா?" என்று கேட்டார்கள். அவர்களுக்கு முன்னால் குடியாத்தத்திலிருந்து ஒரு வாலிபால் அணி, அதற்கும் முன்னால் காட்பாடியில் மொபைல் கேம் ஆடுகிற கல்லூரிப் பிள்ளைகள், எல்லோர் கையிலும் இதே சிங்கம்தான். பொங்கல் போட்டிகள் நெருங்குகிற நேரத்தில் வருகிற ஒவ்வொருவருக்கும் இதையே வாயால் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். எழுதியே வைத்துவிடுகிறேன்.

அந்தச் சிங்கத்தூண் இந்திய அரசின் சின்னம். 2005-ல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது. அரசோடு தொடர்பு உள்ளதுபோலத் தோன்றும்படி அதைப் பயன்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. "எழுத்தை மாத்திட்டோமேணா" என்கிறார்கள். மாற்றினாலும் ஆகாது. பார்த்தால் அதுபோலவே தோன்றும்படி வரைவதையும் சேர்த்துத்தான் சட்டம் சொல்கிறது. கோபுரம் உள்ள தமிழ்நாடு அரசு முத்திரையையும் தொடாதீர்கள். மருத்துவமனை ஊழியர் அணிகள் ஆசையாகக் கேட்கிற வெள்ளையில் சிவப்புச் சிலுவையும் வேண்டாம், அதற்கு 1960-லேயே தனிச் சட்டம் இருக்கிறது.

சரி, அரசுச் சின்னம் வேண்டாம் என்றால் உடனே அடுத்தது வரும். பக்கவாட்டில் பார்த்து வாயைப் பிளந்து நிற்கும் சிங்கமுகம், கூகுளில் தேடினால் முதல் வரிசையில் கிடைப்பது. "இது பொதுதானேணா, யார் வேணா எடுக்கலாம்ல?" எனக்குக் கோபம் வருவது இங்கேதான். பொது இல்லை தம்பி. ஒரு படம் கூகுளில் தெரிவதும் தெருவில் நிற்கிற வண்டி கண்ணில் படுவதும் ஒன்றுதான், தெரிகிறது என்பதற்காக ஓட்டிக்கொண்டு போக முடியாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி படம் வரைந்த நிமிடமே அதற்கு உரிமை வந்துவிடுகிறது. பதிவு செய்திருக்க வேண்டியதில்லை, மூலையில் பெயர் போட்டிருக்க வேண்டியதும் இல்லை. நிறத்தை மாற்றினோம், இடம் வலமாகத் திருப்பினோம், மீசை வைத்தோம் என்பதெல்லாம் பதில் ஆகாது. பெரிய கிரிக்கெட் அணிகளின் சிங்கமும் புலியும் என்றால் அதற்குமேல் வணிகக் குறியீட்டுச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். கிராமத்துப் போட்டிக்கு யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்பீர்கள். இன்றைக்குக் கேட்க மாட்டார்கள். நாளைக்கு நீங்கள் வளர்ந்து, யூடியூபில் ஆட்டம் ஓடி, ஒரு விளம்பரதாரர் வரும்போதுதான் கேட்பார்கள். அப்போது பேனர், பனியன், கோப்பை எல்லாவற்றிலும் ஏறிப்போன சின்னத்தை மாற்ற வேண்டியிருக்கும்.

சட்டத்தை விடுங்கள், ஆட்டத்துக்கே வருகிறேன். ஒரே சிங்கமுகத்தை இறக்கிய இரண்டு அணிகள் ஒரே ராத்திரியில் மோதுவதை நம் பக்கத்திலேயே பார்த்திருக்கிறேன். ஒன்று மெரூன், ஒன்று சிவப்பு. விளக்கு வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. வர்ணனை செய்கிறவர் பெயரை மாற்றி மாற்றிச் சொல்ல, புள்ளி யாருக்கு என்று கூட்டத்தில் சலசலப்பு. இன்னார் என்று காட்டத்தானே சின்னமே?

இன்னொரு வகை, எல்லாவற்றையும் உள்ளே கேட்பவர்கள். புலி, மீன், வில், வாள், நெருப்பு, இறக்கை, ஆரம்பித்த வருடம், ஊர்ப் பெயர், ஸ்பான்சர் பெயர். கேட்டால் ராஜேந்திர சோழன் முத்திரையிலேயே எல்லாம் இருக்கிறதே என்பார்கள். திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் புலியோடு இரட்டை மீனும் வில்லும் இருப்பது உண்மைதான். அலங்காரத்துக்காக அல்ல. பாண்டியனின் மீனும் சேரனின் வில்லும் இப்போது எனக்குக் கீழே என்று சோழன் ஊருக்குச் சொல்கிற சேதி அது. ஒவ்வொன்றும் அங்கே இருப்பதற்குக் காரணம் இருந்தது. உங்கள் சின்னத்தில் நெருப்பு ஏன் என்று கேட்டால் பதில் இருக்கிறதா?

நம் வட ஆற்காட்டு மண்ணில் சின்னத்துக்கா பஞ்சம்? பல்லவர் முத்திரையில் இருந்தது காளை. மகேந்திரவர்மன் குடைந்த கோயில் இங்கே மகேந்திரவாடியில் நிற்கிறது. தை மாதம் ஊர் ஊராக மாடு விடுகிறோம். அப்படியிருக்க காளையை விட்டுவிட்டு ஆப்பிரிக்கச் சிங்கத்துக்கு ஏன் போக வேண்டும்? வேலூர்க் கோட்டையின் அகழியும் கொத்தளமும் எடுப்பான கோட்டு வடிவங்கள். ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில் முன்காலைத் தூக்கி நிற்கும் யாளியும் குதிரையும் இருக்கின்றன. போய் நின்று, பார்த்து, நோட்டில் நீங்களே கிறுக்கி எடுத்து வாருங்கள். அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை, கோடுகளை நான் சரிசெய்து தருகிறேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. செங்கம் வட்டாரத்து நடுகற்களில் எடுத்தனூர்க் கல். மகேந்திரவர்மன் காலத்தது. தொறு, அதாவது கால்நடை மந்தை, காக்கச் செத்த வீரனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்று நாய்க்குப் பெயர். கள்வரைக் கடித்துக் காத்து நின்றதாகக் கல்லிலேயே எழுத்து இருக்கிறது. பிடியில் பேர் வாங்கிய ஒரு கபடி அணிக்கு இதைச் சொன்னேன். "நாயாணா?" என்று முகம் சுளித்தார்கள். கதையைச் சொன்னதும் பேசாமல் கேட்டார்கள், இரண்டு நாள் கழித்து வந்து சரி என்றார்கள். காதை விறைத்து, காலை ஊன்றி, பக்கவாட்டில் நிற்கும் ஒரு நாய், அவ்வளவுதான் சின்னம். ஆடுகளத்தின் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அவர்கள்தான் என்று தெரிகிறது.

நிறம் பற்றி ஒரே பேச்சு. ஐரோப்பியக் கேடயச் சின்னங்களில் பழைய விதி ஒன்று உண்டு. மஞ்சளும் வெள்ளையும் ஒரு கட்சி, சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா இன்னொரு கட்சி. ஒரு கட்சி நிறத்தின் மேல் அதே கட்சி நிறத்தை வைக்கக்கூடாது. தூரத்தில் கண்டுபிடிக்கத்தான் இந்த விதி. கருநீல ஜெர்சியில் மெரூன் காளை வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள், மஞ்சளில் போடுங்கள்.

அளவு இன்னும் முக்கியம். நெஞ்சில் வருகிற எம்பிராய்டரி சுமார் 3 அங்குலம். அதில் 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த எழுத்து நூலில் கட்டியாகிவிடும், தமிழ் எழுத்தின் புள்ளியும் சுழியும் முதலில் போகும். ஏஐ-யில் செய்து கொண்டுவரும் படங்களில் பிடரி மயிர் ஆயிரம் இழை, தையல் மெஷினுக்கு அதில் ஒன்றும் எடுபடாது. அந்தப் படங்களில் தமிழ் எழுத்து பிழையாக வருவதும் உண்டு. படத்தைப் போனில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். என்ன விலங்கு என்று தெரிகிறதா? கறுப்பு வெள்ளையிலும் தெரிகிறதா? தெரிந்தால் கொண்டு வாருங்கள். கேம் ஆடுகிற பிள்ளைகளே, உங்களுக்கு இது இன்னும் பொருந்தும், திரையில் உங்கள் சின்னத்துக்குக் கிடைப்பதே அந்த நக அளவு இடம்தான்.

அப்புறம், தயவுசெய்து போட்டிக்கு முந்தின நாள் வராதீர்கள். மூன்று வாரம் கொடுங்கள். அணியில் முடிவெடுக்கும் ஒருவர் மட்டும் பேசட்டும், குரூப்பில் பதினைந்து பேர் ஆளுக்கொரு திருத்தம் சொன்னால் வேலை நகராது. அச்சுக்குப் போகும் முன் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு பேர் சத்தமாகப் படித்துப் பாருங்கள். படம் வரையும் மென்பொருளான கோரல்டிராவின் பழைய பதிப்பில் யூனிகோடு எழுத்தை ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். வரைந்து கொடுத்தவரிடம் வெக்டர் ஃபைலை, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு கலங்காத மூலக் கோப்பை, கேட்டு வாங்குங்கள், அது உங்கள் சின்னம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்குங்கள். என்னிடமும்தான், கேட்டால் கோபிக்க மாட்டேன். சின்னத்தின் ஃபைலை வாட்ஸப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாதீர்கள், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.