மீனாட்சின்னா என்ன அர்த்தம்? அங்கயற்கண்ணியும் கயல்விழியும் அதே பேர்தானா?

மீனாட்சிங்கற பேர் தெரியாத தமிழர் இருக்க மாட்டாங்க, ஆனா அதை எப்படிப் பிரிக்கணும்னு கேட்டா நெறைய பேர் மீன் + ஆட்சின்னு சொல்லிடுவாங்க. பாண்டியரோட மீன்கொடி பறந்த ஊர், அம்மன் பட்டம் கட்டிக்கிட்டு ஆளுற ஊர், அதனால மீனாட்சின்னு ஒரு விளக்கம். கேக்க அழகா இருக்கு, ஆனா சொல் அப்படி உருவாகல. மீன + அக்ஷி, இதான் சரியான பிரிப்பு, அக்ஷின்னா வடமொழியில கண். க்ஷ நம்ம வாயில வரும்போது ட்ச ஆயிடும், பக்ஷி பட்சி ஆன மாதிரி, அதனால மீனாக்ஷி மீனாட்சி ஆச்சு. காமாட்சி, விசாலாட்சி, நாகப்பட்டினத்து நீலாயதாட்சி எல்லாருக்கும் கடைசில இருக்குறது இந்தக் கண்தான், ஆட்சி இல்ல. ஆக மீனாட்சின்னா மீன் மாதிரி கண்ணு உள்ளவ.

சரி, அப்போ இது முழுக்க வடமொழிப் பேரான்னா, அங்கதான் விஷயமே இருக்கு. முதல் பாதியில இருக்குற மீன நம்ம மீன்தான். ரிக்வேதத்துல மீனுக்கு வர்ற சொல் மத்ஸ்ய, மீனங்கற சொல் வடமொழியில பிற்பாடுதான் புழங்குது, அது திராவிட மொழிகள்லேர்ந்து அங்க போன சொல்லுன்னு பர்ரோ, எமனோ மாதிரி மொழியியல் அறிஞர்கள் சொல்லியிருக்காங்க. தமிழ், மலையாளம் ரெண்டுலயும் மீன், கன்னடத்துல மீனு. மின்னுறதால மீன்னு தமிழ்ல வேரும் சொல்வாங்க, அதனாலதான் வானத்துல மின்னுறதும் நமக்கு மீன், விண்மீன், அருந்ததிக்குப் பழைய பேரே வடமீன். இவ்வளவு நம்ம சொல்ல உள்ள வச்சிருக்குற பேர, வேத்து மொழிப் பேருன்னு ஒரே வார்த்தையில ஒதுக்குறது எனக்கு சரியா படல.

கண்ணுக்கு ஏன் மீன்? வடிவம் ஒரு காரணம், ரெண்டு பக்கமும் கூர்மையா நடுவுல அகலமா இருக்கும், அதவிட முக்கியம் அந்தப் பிறழ்ச்சி, தண்ணிக்குள்ள சட்டுனு திரும்பும்போது ஒரு பளிச், அது ஓடுற கருவிழிக்கு அப்படியே பொருந்தும். சங்கப் பாட்டுலயே மை தீட்டுன கண்ணக் கயலோட ஒப்பிடுறது இருக்கு. பக்தி உள்ளவங்க இன்னும் ரெண்டு சொல்வாங்க. மீனுக்கு இமை கிடையாது, அதனால கண்ண மூடவே மூடாது, அம்மனும் அப்படித்தான் உறங்காம உலகத்தப் பாக்குறா. இன்னொண்ணு, மீன் தன் முட்டைய பார்வையாலேயே பொரிக்கும்னு ஒரு பழைய நம்பிக்கை, சைவத்துல நயன தீட்சைக்கு, அதாவது குரு பார்வையாலேயே அருள் தர்றதுக்கு, மீனத்தான் உவமையா சொல்வாங்க. உயிரியல்படி அது சரியில்லன்னாலும் பேருக்கு எவ்வளவு ஆழம் குடுக்குது பாருங்க, வெறும் அழகான கண்ணுங்கறதோட நிக்காம காப்பாத்துற கண்ணா ஆக்கிடுது.

இப்போ தமிழ்ப் பேருக்கு வருவோம். மீனாட்சிக்கு நேர் தமிழ் அங்கயற்கண்ணி. இது இப்போ யாரோ உக்காந்து மொழிபெயர்த்ததுன்னு சிலர் நெனைக்கிறாங்க, இல்லவே இல்ல. ஏழாம் நூற்றாண்டுல திருஞானசம்பந்தர் மதுரைக்கு வந்து பாடுன "மங்கையர்க்கரசி"ன்னு தொடங்குற பதிகத்துல, முதல் பாட்டோட கடைசி அடியே "அங்கயற்கண்ணி தன்னொடும் அமர்ந்த ஆலவாயாவதும் இதுவே". அதாவது 1300 வருஷத்துக்கு மேல எழுத்துல இருக்குற பேர். பிரிச்சா அம் + கயல் + கண்ணி. அம்னா அழகு, கயல் ஒரு கெண்டை வகை மீன், கண்ணின்னா கண்ண உடையவ. ம் பக்கத்துல க வந்ததால ங் ஆச்சு, ல் பக்கத்துல க வந்ததால ற் ஆச்சு, அவ்வளவுதான். கண்ணிங்கற சொல்லுக்கு மாலைன்னும் அர்த்தம் இருக்கு, பறவை பிடிக்கிற பொறின்னும் இருக்கு, அதப் பாத்துக் குழம்ப வேணாம், இங்க கண் + இ தான். வடமொழிப் பேருல வெறும் மீன்தான் இருக்கு, தமிழ்ப் பேருல எந்த மீன்னும் இருக்கு, அது அழகுன்னும் இருக்கு. எனக்கு இதுதான் நெறைவான பேராத் தெரியுது.

புராணத்துல இவளுக்கு மூணாவதா ஒரு பேரும் உண்டு, தடாதகை. மலயத்துவச பாண்டியனுக்கும் காஞ்சனமாலைக்கும் மகளா வந்து நாட்ட ஆண்டவ. அந்த ஆட்சி நெனப்பு மதுரையில இன்னும் உயிரோட இருக்கு, சித்திரைத் திருவிழாவுல பட்டாபிஷேகம் ஆனதும் சித்திரைலேர்ந்து நாலு மாசம் அம்மன் ஆட்சி, ஆவணிலேர்ந்து சுந்தரேசுவரர் ஆட்சி. வீட்டுல பொண்டாட்டி பேச்சு எடுபடுமா புருஷன் பேச்சான்னு கேக்க "உங்க வீட்ல மதுரையா சிதம்பரமா"ன்னு சொல்றதும் இந்த நெனப்பால வந்த வழக்குதான், மதுரைன்னா அம்மன் கை ஓங்குன வீடு, சிதம்பரம்னா சாமி கை ஓங்குன வீடு.

மனுஷங்க வச்சுக்கிட்டதுல முக்கியமா ராணி மீனாட்சி, மதுரை நாயக்கர் வரிசையில கடைசியா ஆண்டவங்க, 1732 வாக்குல கணவர் விஜயரங்க சொக்கநாதர் போனப்புறம் பொறுப்பெடுத்தாங்க. கணவர் பேர்ல சொக்கநாதர், மனைவி பேர் மீனாட்சி, ரெண்டும் கோயில் பேரே. ஆம்பளைங்களுக்கும் இந்தப் பேர் போயிருக்கு, மீனாட்சிசுந்தரம்னு அம்மனையும் சாமியையும் சேத்து. உ.வே.சா.வுக்குத் தமிழ் சொல்லிக்குடுத்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876), மதுரைப் பல்கலைக்கழகத்தோட முதல் துணைவேந்தர் தெ.பொ.மீனாட்சிசுந்தரனார் (1901–1980), ரெண்டு பெரிய தமிழ் ஆளுங்களும் இந்தப் பேருதான். செட்டிநாட்டுப் பக்கம் மீனாள், பேச்சுல மீனாச்சி, வீட்ல மீனா, மீனு.

பாட்டிங்க காலத்துல தெருவுக்கு ஒரு மீனாட்சி இருப்பாங்க, அப்புறம் அது மீனாவா சுருங்கி, இப்போ பொறக்குற புள்ளைங்களுக்கு முழுப் பேரா வைக்கிறவங்க குறைஞ்சுதான் தெரியுது. அந்த எடத்துக்கு கயல்விழி வந்திருக்கு. தனித்தமிழ் இயக்கமும் திராவிட இயக்கமும் தமிழ்ப் பேர் வைக்கச் சொன்ன காலத்துலேர்ந்து மலர்விழி, தேன்விழி, கயல்விழின்னு ஒரு விழி வரிசையே பெருகுச்சு. கயல்விழி மீனாட்சியோட அதே அர்த்தம், சாமி பேரா வேணாம்னு நெனைக்கிறவங்களுக்கும் பொருந்தும், கூப்பிடவும் சுலபம், அதனால நிக்குது. அங்கயற்கண்ணி நீளம்னு தயங்குறாங்க, ஆனா ஒம்பது எழுத்து இருக்குற மங்கையர்க்கரசியவிட ஒண்ணு கம்மி, எட்டெழுத்துதான், வாய்விட்டு ஒருதடவ சொல்லிப் பாருங்க, தடங்கலே இல்லாம ஓடும்.

எழுதும்போது ஒண்ணு கவனிங்க. கண்ணியோட சேரும்போதுதான் கயற்கண்ணி, விழியோட சேரும்போது ல் மாறாது, கயற்விழின்னு எழுதுறது தப்பு, கயல்விழிதான். அப்புறம் கயல்னு மட்டும் வைக்கிறவங்களுக்கு, அது தனியா நின்னா மீன் மட்டும்தான், கண் வராது. செல்லமா கயல்னு கூப்பிட்டுக்கலாம், பிறப்புச் சான்றிதழ்ல முழுசா கயல்விழின்னே பதிஞ்சிடுங்க.